முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி நாலு விரல்

எங்கள் கிளாஸில் சொந்தமாக கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர். காரைப் பற்றிக் கருத்து வைத்திருப்பவர்கள் அறுபது பேர். நான் இரண்டாவது கோஷ்டி. அதனால் இந்தப் பதிவுக்கு "உன்கிட்ட கார் இருக்கா?" என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். இல்லை. எங்கள் வீட்டில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது, அதைப் பற்றியும் பின்னால் வருகிறது.

மேட்டர் இதுதான். கார் வைத்திருக்கும் மூவரில் ஒருவன் போன மாதம் தன்னுடைய பழைய ஹேட்ச்பேக்கின் முன்பக்க காயில் ஸ்பிரிங்கை ஒன்றரை சுற்று வெட்டிவிட்டான். பின்பக்கத்தைத் தொடவில்லை. காலேஜ் வாசலில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுக் காட்டினான். "முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி நாலு விரல். இதுக்குப் பேரு ரேக் மச்சி." சுற்றி நின்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன், பொய் சொல்வானேன்.

ரேக் என்றால் வேறொன்றுமில்லை. காரின் முன்பக்க உயரத்துக்கும் பின்பக்க உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். மூக்கு தாழ்ந்து வால் தூக்கி நின்றால் ரேக். வால் உட்கார்ந்து மூக்கு தூக்கி நின்றால் அதற்குத் தனிப் பேர் வைக்காமல் "உக்காந்துடுச்சு" என்கிறோம். இந்த வித்தியாசம் மொத்தமே ஒரு இன்ச், ரெண்டு இன்ச். ஆனால் இதைப் பற்றி நம்மாட்கள் விடும் கதைகளை அளக்க மீட்டர் டேப் பத்தாது.

நண்பன் சொன்ன வாதங்கள் மூன்று. ஒன்று, பார்க்க அள்ளுது. இரண்டு, மூக்கு தாழ்ந்தால் வெயிட் முன்னால் வரும், முன் டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். மூன்று, ஃபார்முலா ஒன்னில் ரெட் புல் காரே பின்னால் தூக்கித்தான் ஓடியது. நான் வாயைத் திறந்தவுடன் நான்காவதாக ஒன்று வந்தது: "பி.காம் படிக்கிற உனக்கு சஸ்பென்ஷனைப் பத்தி என்னடா தெரியும்?" அவனும் பி.காம்தான் :)

முதல் வாதத்தை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். மூக்கு தாழ்ந்த கார் அழகுதான். முட்ட வரும் காளை தலையைத் தாழ்த்தும், எலியைப் பிடிக்கப் பதுங்கும் பூனை முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கும். நின்றுகொண்டிருந்தாலும் கிளம்பப் போவது போலத் தெரிகிறது. காரை வரைகிறவர்களுக்கும் இது தெரியும். நம்ம ஊர் ஹேட்ச்பேக் எதையாவது பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஜன்னலுக்குக் கீழே ஓடும் கோடு முன்னாலிருந்து பின்னால் போகப் போக ஏறிக்கொண்டே போகும். கார் நேராக நின்றாலும் மூக்கு தாழ்ந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கோடு. அதாவது நீங்கள் ஸ்பிரிங் வெட்டித் தேடுகிற அழகை, கம்பெனிக்காரன் தகடு வளைக்கும்போதே கொடுத்துவிட்டான். அதுக்கு மேல் வெட்டினால் முட்ட வரும் காளை, குழியில் கால் விட்ட காளை ஆகிவிடும். இது என் ரசனை, சண்டை போட மாட்டேன்.

இரண்டாவது வாதத்தில்தான் சண்டை. வெயிட் முன்னால் வருமாம். எவ்வளவு வரும்? இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. "எவ்வளவு" என்று கேட்பதற்குத்தான் பி.காம்.

ஸ்விஃப்ட் மாதிரி ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2,450 மில்லிமீட்டர். எடை சுமார் 900 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தை ஒரு இன்ச், அதாவது 25 மில்லிமீட்டர் தூக்கினால் காரின் சாய்வு 25-ஐ 2,450-ஆல் வகுத்தது, நூற்றுக்கு ஒன்று. டிகிரி கணக்கில் அரை டிகிரி சொச்சம். அந்தச் சாய்வில் எடையின் மையம் முன்னால் நகர்வது 5 மில்லிமீட்டர். அதனால் முன் சக்கரங்களுக்குக் கூடுதலாகப் போகும் எடை 900 x 5 / 2,450. போட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ கூட வராது.

ரெண்டு கிலோ! உழவர் சந்தையில் தக்காளி வாங்கி முன் சீட்டுக்குக் கீழே வைத்தால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். அதே காரின் டேங்கை ஃபுல் பண்ணினால் பின்னால் ஏறும் பெட்ரோலின் எடை 27 கிலோ. பங்க்கில் இருந்து கிளம்பும்போது யாராவது "மச்சி, ஹேண்ட்லிங் மாறிடுச்சு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"ஆனா எனக்கு ஓட்டும்போது வித்தியாசம் தெரியுதே" என்கிறான். தெரியும். தெரியத்தான் செய்யும். அதற்குக் காரணம் ரேக் இல்லை, கத்தி.

ஸ்பிரிங்கை வெட்டினால் அது குட்டையாவது மட்டுமில்லை, விறைப்பாகவும் ஆகிறது. வேலை செய்யும் சுற்றுகள் ஆறு இருந்து அதில் ஒன்றரையை வெட்டினால் மீதி நாலரை. விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அவன் கை உணர்வது இந்த விறைப்பைத்தான். அதோடு கார் தாழ்ந்துவிட்டதால் சக்கரம் மேலே போய்வர இருந்த இடமும் குறைந்துவிட்டது. சின்னக் குழிக்கே சஸ்பென்ஷன் அடியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது இடித்தால், அந்த நொடியில் முன்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி மாதிரி ஆகும். டயர் கவ்வாமல் நேராக வழுக்கும். எதற்காக வெட்டினானோ அதற்கு நேர் எதிர்.

இன்னொன்று இருக்கிறது. நம்ம ஊர் கார்களில் பெரும்பாலானவற்றில் முன்னால் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட் என்கிற அமைப்பு. இதில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை கிட்டத்தட்ட படுக்கையாக இருக்க வேண்டும். காரைத் தாழ்த்தினால் அந்தக் கையின் சக்கரப் பக்கத்து முனை மேல்நோக்கி ஏறிவிடும். அப்போது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே இறங்குகிறது. விளைவு, கார் தாழ்ந்த பிறகும் அதைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. "லோ பண்ணா சாயாது" என்று நம்பிக்கொண்டிருக்கிற மக்கள் இந்த ஒரு பாராவை இரண்டு தடவை படிக்கவும். பந்தயத்துக்குத் தாழ்த்துகிறவர்கள் அந்தக் கையின் மூட்டையும் மாற்றுவது இதனால்தான். நம்மாள் கிரைண்டர் ஒன்றோடு வேலையை முடித்துவிட்டான்.

கடைசியாக, வெட்டின ஸ்பிரிங் குட்டை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி சக்கரம் முழுசாகத் தொங்கும்போது அது தன் இருக்கையை விட்டு நகரலாம். இதையெல்லாம் சொன்னதற்கு அவன் சொன்ன பதில்: "நெகடிவா பேசாத."

மூன்றாவது, ரெட் புல். ஏட்ரியன் நியூவி வடிவமைத்த ரெட் புல் கார்கள் 2010-களில் வாலைத் தூக்கி ஓடியது உண்மை. ஆனால் ஏன்? அந்தக் காரின் அடித்தளம் ஒரு தட்டைப் பலகை. முன்னால் தரையை உரசாத குறையாக இருக்கும். பின்னால் தூக்கினால் பலகைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடம் பின்னால் போகப் போக விரிகிறது. விரிகிற இடத்தில் காற்றின் அழுத்தம் குறைந்து, கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. காரின் முழு அடிப்பாகமும் ஒரு இறக்கை மாதிரி. நம்ம ஹேட்ச்பேக்கின் அடியில் என்ன இருக்கிறது? சைலன்சர் குழாய், ஸ்டெப்னி வைக்கிற பள்ளம், பின் ஆக்சில், ஒட்டிக்கொண்டிருக்கும் சேறு. தரைக்கு அரை அடி உயரத்தில். இது எதை உறிஞ்சும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருடங்களில் மெர்சிடிஸ் கார் ரேக்கே இல்லாத மாதிரி தட்டையாகத்தான் ஓடியது. 2014-லிருந்து 2021 வரை வரிசையாக எட்டு வருடம் அணிகளுக்கான பட்டம் அவர்களுக்கு. 2021-ல் பின்பக்கத் தளத்தின் ஓரத்தை வெட்டச் சொல்லி விதி வந்தபோது தட்டையாக ஓடிய கார்களுக்குத்தான் அடி அதிகம் என்று பெரிய புலம்பல். 2022-ல் மொத்த விதியும் மாறியதும் ரெட் புல்லும் அந்தப் பழைய உயர வாலை விட்டுவிட்டுத் தாழ்வாக ஓடியது. விதி மாறினால் உயரம் மாறும். அங்கே யாரும் விரல் விட்டு அளக்கவில்லை.

இந்தப் பக்கம் பார்த்தது போதும். அந்தப் பக்கத்து அழகையும் பார்ப்போம். அமெரிக்காவில் கரோலினா ஸ்குவாட் என்று ஒரு மோகம். பெரிய பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை எக்கச்சக்கமாகத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்திவிடுவது. பாலைவனப் பந்தய வண்டிகளைப் பார்த்து வந்த பழக்கம் என்பார்கள். மண்மேட்டில் பறந்து விழுகிற வண்டிக்கு மூக்கு தூக்கி இருந்தால் நல்லது, சரி. சூப்பர் மார்க்கெட் போகிற வண்டிக்கு? ஓட்டுகிறவனுக்கு பானெட் மட்டும்தான் தெரியும், முன்னால் நடந்து போகிற குழந்தை தெரியாது. வட கரோலினா மாகாணம் சட்டமே போட்டுவிட்டது. 2021 டிசம்பர் 1 முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டை விட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயரமாக இருக்கும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2022-ல் விர்ஜீனியா, 2023-ல் தென் கரோலினா என்று அடுத்தடுத்து தடை. "என் வண்டி, என் ரசனை" என்று அங்கேயும் கத்தினார்கள்.

இதைப் படித்து "அமெரிக்கக்காரன் கிறுக்கன்" என்று சிரிப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். அந்த ஸ்குவாட்டை நாம் காசு செலவில்லாமல் ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் செய்கிறோம்.

நான் நாமக்கல். எங்கள் ஊரில் லாரியைப் பார்த்து வளராத பையன் கிடையாது. அப்பா பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். லோடு இல்லாத லாரி பின்னால் தூக்கிக்கொண்டுதான் நிற்கும், லோடு ஏறினால் பட்டை ஸ்பிரிங் படிந்து நேராகும். அப்படி இருந்தால்தான் சரியான வண்டி. காலியாக நிற்கும்போதே நேராக இருக்கிற லாரியைப் பார்த்தால் அப்பா "பட்டை போயிருச்சு" என்பார். காரும் இதே கணக்குதான். காலியாக இருக்கும்போது பின்னால் கொஞ்சம் தூக்கி இருப்பது கம்பெனிக்காரன் லோடுக்காக விட்டு வைத்த இடம். அது குறையில்லை, ஃபேஷனும் இல்லை.

அந்த லோடு எவ்வளவு என்று ஒரு கணக்கு போடுவோம். அதே 900 கிலோ கார். இஞ்சின் முன்னால் இருப்பதால் காலியாக நிற்கும்போது முன் சக்கரங்களில் 540, பின் சக்கரங்களில் 360 என்று வையுங்கள். முன் சீட்டில் இரண்டு பேர், பின் சீட்டில் நான்கு பேர் (மூன்று பேர் சீட்தான், கல்யாணத்துக்குப் போகும்போது யார் எண்ணுகிறார்கள்), டிக்கியில் 100 கிலோ பாத்திரம் பண்டம். பின் சீட் கிட்டத்தட்ட பின் ஆக்சிலுக்கு மேலேயே இருக்கிறது. டிக்கி ஆக்சிலைத் தாண்டி இருக்கிறது, அதில் வைப்பது முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும். கூட்டிக் கழித்தால் முன்னால் 630, பின்னால் 760. தோராயக் கணக்குதான், ஆனால் கதை புரிகிறதல்லவா? முன்னால் 90 கிலோ கூடியிருக்கிறது, பின்னால் 400. இரண்டு மடங்குக்கும் மேல். டயர் காற்று மட்டும் காலி வண்டிக்கு அடித்த அதே காற்று. கதவைத் திறந்தால் உள்பக்கம் ஸ்டிக்கரில் ஃபுல் லோடுக்கு எவ்வளவு காற்று என்று தனியாகப் போட்டிருக்கும். அதைப் படித்த ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இப்போது பின்பக்கம் உட்காருகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வீட்டு வாசலில் குந்தியிருக்கும் நாய் மாதிரி. உடனே பட்டறைக்குப் போய் பின் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் வளையம் செருகுகிறார்கள். கார் நிமிர்கிறது. "பார்த்தியா, சரியாயிடுச்சு." எது சரியானது? பின்னால் இருக்கிற 760 கிலோவில் ஒரு கிலோ குறைந்ததா? நாங்கள் மூன்றாம் செமஸ்டரில் விண்டோ டிரஸ்ஸிங் என்று படித்தோம். மார்ச் 31 அன்று மட்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி பேலன்ஸ் ஷீட்டை ஜோடிப்பது. கடன் அப்படியே இருக்கும், காகிதம் மட்டும் பளபளக்கும். இந்த ரப்பர் அதுதான்.

ஜோடிப்பதோடு நின்றாலும் பரவாயில்லை. ரப்பர் ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வேலை செய்ய விடாமல் பூட்டிவிடுவதால் பின்பக்கம் விறைக்கிறது. கல்யாணம் முடிந்து பாத்திரமும் சொந்தக்காரரும் இறங்கிய பிறகு, பின்னால் வெறும் 360 கிலோவோடு விறைத்த ஸ்பிரிங்கில் ஓடுகிற வண்டி அது. மழையில், வளைவில், முன்பக்கத்தை விட பின்பக்கம் முதலில் வழுக்கும். முன்பக்கம் வழுக்கினால் பிரேக்கில் கால் வைத்தாவது தப்பலாம். பின்பக்கம் போனால் நம்மில் எத்தனை பேருக்குச் சமாளிக்கத் தெரியும்?

பழைய ஜீப், வேன், பிக்கப் வகைகள் பலவற்றில் இன்னொரு சூட்சுமம். பின் ஆக்சிலில் இருந்து ஒரு கம்பி போய் பாடியில் இருக்கும் ஒரு வால்வோடு சேரும். பாடி தாழ்ந்திருந்தால் "லோடு இருக்கு" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், தூக்கி இருந்தால் "காலி" என்று குறைக்கும். அந்த வால்வுக்குத் தராசு கிடையாது, உயரம்தான் அதற்குத் தெரிந்த ஒரே பாஷை. நீங்கள் ரப்பரோ கூடுதல் பட்டையோ போட்டுப் பின்னால் தூக்கினால், முழு லோடு இருக்கும்போதும் அது காலி வண்டி என்றே நினைக்கும். வண்டி நிற்க இன்னும் சில மீட்டர் ஆகும். அந்த மீட்டரில் யார் இருக்கிறார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். உயரத்தை மாற்றினால் அந்தக் கம்பியையும் திரும்ப செட் பண்ண வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் பிளாஸ்டிக் கவரோடு டாஷ்போர்டில் இருக்கும்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம்.

போன தை மாதம் ராத்திரி எட்டரை மணி வாக்கில் அப்பாவும் நானும் பட்டறையிலிருந்து எக்ஸ்எல்லில் வந்துகொண்டிருந்தோம். திருச்செங்கோடு போகிற ரோடு, நடுவில் தடுப்பு கிடையாது. எதிரே ஒரு கார். கண்ணுக்குள் வெளிச்சம். அப்பா கையை ஆட்டினார், வெளிச்சம் குறையவில்லை. ரோட்டோரம் ஒதுங்கினார். அங்கே ரோடு வேலைக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பாவுக்கு காரை எலும்பு முறிவு. ரெண்டு மாசம் கை தூக்கக் கூடாது என்றார்கள். வெல்டருக்கு ரெண்டு மாசம் கை தூக்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கார்க்காரர் ஓடவில்லை. நிறுத்தி, இறங்கி ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர்தான் கூட வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். வந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "டிம்லதானுங்ணா வந்தேன். சத்தியமா டிம்லதானுங்ணா." நான் அவரை அடிக்கப் போனேன். அப்புறம் காரைப் பார்த்தேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. டிம்தான். ஆள் பொய் சொல்லவில்லை. பின் சீட்டில் நான்கு பேர், மடியில் ஒரு குழந்தை, டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம். பின் மட்கார்டு டயரின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் போட்ட கணக்கு இது. ஹெட்லைட் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம். டிம் லைட்டை நூற்றுக்கு ஒன்று கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். அதாவது 70 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு தரையைத் தொட்டுவிடும். எதிரே வருகிறவர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அது அவர் கண்ணுக்கு ஏறவே ஏறாது. டிம் என்பதே இந்தச் சாய்வுதான், வெளிச்சம் கம்மி என்பதில்லை. இப்போது பின்பக்கம் 3 இன்ச் உட்கார்ந்தால் சாய்வு நூற்றுக்கு மூன்று மேல்நோக்கி. ஒன்றைக் கழித்தால் மீதி நூற்றுக்கு இரண்டு, மேலே. 35 மீட்டரில் விளிம்பு 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். எக்ஸ்எல்லில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கண் உயரம் அது. அந்த 35 மீட்டரைத் தாண்டி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர் முழு வெளிச்சத்துக்குள் இருக்கிறார். கார் 60-லும் நாங்கள் 40-லும் வந்தால், அந்த 35 மீட்டரைக் கடக்க ஒன்றேகால் நொடி. கூசின கண் தெளிய அது எந்த மூலைக்கு?

மேலே நான் கிண்டலடித்த அதே அரை டிகிரி, ஒன்றரை டிகிரிதான். டயருக்கு அது ரெண்டு கிலோ தக்காளி. லைட்டுக்கு அது அப்பாவின் காரை எலும்பு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாய்வே நேரடியாக ஆளை அடிக்கிறது, இதைப் பற்றித்தான் எந்த ரீல்ஸிலும் யாரும் பேசுவதில்லை.

கார் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1948-ல் பாரிஸில் வந்த சிட்ரோயன் 2சிவி என்கிற ஏழைகளின் காரில் ஸ்பிரிங் ரொம்ப மெத்து. லோடுக்குத் தக்கபடி மூக்கு ஏறி இறங்கும் என்பதால் டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹெட்லைட்டைச் சாய்க்க ஒரு திருகு வைத்தார்கள். 1955-ல் அதே கம்பெனியின் டிஎஸ் கார், எண்ணெயும் வாயுவும் வைத்துத் தன் உயரத்தைத் தானே சரிபண்ணிக்கொண்டது. இன்று நம்ம ஊர் ஹேட்ச்பேக்குகளில்கூட ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் கீழே ஒரு சின்ன உருளை இருக்கும், 0, 1, 2, 3 என்று எழுதி. அது எதற்கு என்று கிளாஸில் பத்து பேரிடம் கேட்டேன். எட்டு பேருக்குத் தெரியவில்லை. ஒருத்தன் டாஷ்போர்டு வெளிச்சத்துக்கு என்றான். இன்னொருத்தனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவன் அப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் பதிந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதை வைத்து சைலன்சர் மாற்றியவனைப் பிடிக்கிறார்கள், சத்தம் கேட்பதால். ஸ்பிரிங் வெட்டியவன் சத்தம் போடுவதில்லை. சும்மா உட்கார்ந்துபோன பழைய ஸ்பிரிங்கோடு ஓடுகிறவனை எந்தப் பிரிவில் பிடிப்பது?

அதனால் "என் வண்டி என் ரசனை" கோஷ்டிக்கு என் பதில். உன் சீட் கவர் உன் ரசனை. நீ ஒட்டுகிற ஸ்டிக்கர், கேட்கிற பாட்டு உன் ரசனை. முன் பின் உயரம் அப்படியில்லை, அதன் மறுமுனையில் எக்ஸ்எல்லில் வருகிற ஒருத்தர் இருக்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் விரலைத் தூக்கிப் போட்டுவிட்டு டேப் எடு. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு மூலையும் அள. காலியாக ஒரு தடவை, ஆள் ஏற்றி ஒரு தடவை. எழுதி வை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ரப்பர் செருகாதே, புது ஸ்பிரிங் போடு. தாழ்த்த ஆசை என்றால் நாலு பக்கத்துக்கும் சேர்த்து, அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்க காசு சேர்த்துவிட்டு ஆர்.டி.ஓ. என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுச் செய். எந்த வேலை செய்தாலும் கடைசியில் சுவருக்கு முன்னால் நிறுத்தி லைட்டைச் சரிபார். கனமான சாமானை டிக்கியில் திணிக்காமல் முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வை, பாதிப் பிரச்சனை அங்கேயே குறையும்.

அப்பா இப்போது பட்டறைக்குப் போகிறார். தலைக்கு மேல் கை தூக்கி வெல்டிங் வைக்கிற வேலையை மட்டும் இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறார்.

விபத்துக்கு அப்புறம் எங்கள் சொந்தத்தில் கார் வைத்திருக்கும் எல்லோரிடமும் அந்த உருளையைத் திருகிக் காட்டினேன். "ஏன்டா மாப்ள, இது ஏசிக்கு இல்லையா?" என்று கேட்ட மாமா, கார் வாங்கி ஆறு வருஷம். குலதெய்வம் கோயிலுக்கு ஆறு பேர் போகும்போது 3-ல் வைத்துக் கொடுத்தேன். எதிரே வந்த ஒருத்தன்கூட லைட்டை அடித்துக் காட்டவில்லை என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வந்து எல்லோரையும் இறக்கிவிட்டவர் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. இப்போது தினமும் போன் பண்ணி, "நீ என்னமோ திருகுன, ராத்திரியில பானெட்டுக்கு முன்னாடி பத்தடிக்கு மேல ஒண்ணுமே தெரியல" என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.